வாங்காத தராசு

போட்டோக்காரர் குடும்பத்தாரைச் சவப்பெட்டியைச் சுற்றி நிறுத்திக்கொண்டிருந்தபோது எபிசன் தானாகவே வந்து தலைமாட்டில் நின்றுகொண்டான். இறந்துபோன ஜெயசிங்குக்கு ஒரே தம்பி, அதனால் தலைமாடு அவனுக்கு உரிமைதான். ஆனாலும் பெட்டியின் விளிம்பில் அவன் கை வைத்ததைப் பார்த்ததும் மகள் ஷைஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சித்தப்பா, கைய எடுங்க."

காதில் விழாதவன்போல அவன் கேமராவைப் பார்த்தான். அம்மா தேவகனி மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "இப்ப வேண்டாம் மக்களே."

அப்பாவின் முகத்தில் பாதியை வெள்ளைத் துணி மறைத்திருந்தது. மரவள்ளி பயிரிட்ட விளையில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவர். விசையை இழுத்ததும் துப்பாக்கி பின்பக்கமாகப் பிளந்து அவர் முகத்திலேயே வெடித்தது. வீட்டில் வைத்து அவரே வெடிமருந்து நிரப்பிய தோட்டா அது.

காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் எபிசன் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "படிச்சுப் படிச்சு சொன்னேன், அண்ணன் கேக்கல்ல. மலிவாக் கெடைக்குன்னு எங்கயோ போயி என்னத்தையோ வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்க கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல." வாய் கூசாமல் சொன்னான். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பெட்டிக்குள் கிடந்தவரை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பார்வையைத்தான் ஷைஜாவால் பொறுக்க முடியவில்லை.

வாங்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். ஓண லீவுக்கு அவள் வந்திருந்தபோது இதே கூடத்தில், இதே மேசையில் போனைச் சாய்த்து வைத்து அண்ணனும் தம்பியும் வீடியோ பார்த்தார்கள். லைசென்சுக்குக் கிடைக்கிற தோட்டா போதவில்லை, பன்றியோ ஓய்வதாக இல்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பினால் என்ன என்று கிளப்பிவிட்டவனே எபிசன்தான். அவனுக்கும் பக்கத்திலேயே மரவள்ளி உண்டு, அதற்கும் அண்ணனின் துப்பாக்கிதான் காவல். லைசென்ஸ் சுடுவதற்குத்தான், நிரப்புவதற்கு இல்லை என்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

ஜெயசிங்குக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். "மருந்த எடை பாக்க ஒரு சின்னத் தராசு வேணும்னுல்லா இதுல சொல்லுதான்," என்றார்.

எபிசன் சிரித்தான். "எண்ணே, ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊத்த எந்தத் தராச வச்சீரு? அவுன்சு கிளாசுதானே? ஷீட்டு கெட்டா போச்சு? இதும் அதுபோலத்தான். தோட்டா அமுக்குத மெஷின் பழசு ஒண்ணு மார்த்தாண்டத்துல எனக்குத் தெரிஞ்ச ஆள்ட்ட கெடக்கு, நான் எடுத்துட்டு வாறேன். தொடக்கத்துக்கு அது போரும். தராசெல்லாம் கை பழகின பெறவு வாங்கலாம்."

"தராச மொதல்ல வாங்குங்க சித்தப்பா. மெஷின் பெறவு போரும்," என்றாள் ஷைஜா. திருவனந்தபுரத்தில் மருந்துக் கம்பெனி லேபில் வேலை அவளுக்கு. நிறுத்துப் பார்க்காமல் எந்தப் பொடியையும் அவள் தொட்டதில்லை.

"ஏட்டி, இது ஒனக்க மாத்திரை இல்ல கேட்டியா. போயி சாயாவ எடு."

அப்பா தம்பியைத்தான் நம்பினார். காலமெல்லாம் கண்ணாடிக் கிளாசின் கோட்டைப் பார்த்தே அளந்த மனிதர். ஆசிட் கொஞ்சம் கூடிப்போனால் ரப்பர் ஷீட் கறுக்கும், விலை குறையும், அவ்வளவுதான். வெடிமருந்துக்கு அந்தத் தயவு கிடையாது.

போதகர் பைபிளைத் திறக்கும் நேரத்தில் எஸ்.ஐ. வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியை ஒருமுறை கும்பிட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இப்ப கேக்கக்கூடாதுதான். தோட்டா நிரப்புத அந்தச் சாமானெல்லாம் யாரு வாங்கினது?"

"அண்ணன்தான் சார்," என்றான் எபிசன். சற்றும் யோசிக்கவில்லை.

ஷைஜா அம்மாவைப் பார்த்தாள். தேவகனி தரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். "செத்தவருக்கு இனி என்ன கேசு? அவனுக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைய இருக்கு. விட்டிரு மக்களே."

"அப்பாவுக்கும் ஒரு பொட்டப் பிள்ள இருக்கும்மா."

அவள் எழுந்து எஸ்.ஐ. முன்னால் போய் நின்றாள். "இவரு சொல்லுதது பச்சப் பொய் சார். மெஷினக் கொண்டுவந்தது இவரு. தராசு வேண்டாம்னு சொன்னதும் இவருதான். அப்பா கேட்டாரு, நானும் கேட்டேன். ரெண்டு பேரையும் வாயடைச்சிட்டாரு. எங்க வரச் சொன்னாலும் வந்து சொல்லுதேன்."

எபிசன் பெட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"சாவு வீட்டுல வச்சு குடும்ப மானத்த வாங்குதியே ஏட்டி!"

"மானமா? காலைலேந்து எனக்க அப்பாவ ஊர்க்காரங்க முன்னாடி மடையனாக்கிக்கிட்டு நிக்கிதீரு. அப்ப எங்க போச்சு உம்ம மானம்? உமக்க விளைக்கும் சேத்துத்தானே அவரு காவல் கெடந்தாரு!"

சித்தப்பாவிடம் 'நீங்க' என்பது மரியாதை ஒரு படி இறங்கி 'நீரு' ஆகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டாள். எஸ்.ஐ. எபிசனைத் திரும்பிப் பார்த்தார். "அடக்கம் முடியட்டும். பெறவு ஸ்டேஷனுக்கு வாரும்." எபிசன் சுற்றிலும் முகங்களைப் பார்த்தான். ஒருவரும் அவனுக்காக வாய் திறக்கவில்லை. படியிறங்கிப் போனான். பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

ஜெபம் முடிந்தது. அம்மா முத்தம் கொடுத்தாள், மூடியை வைத்துத் திருகாணி முறுக்கினார்கள். ஆம்புலன்ஸ் ரோட்டில் நின்றது. ரப்பர் மரங்களுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். மூன்று மூலைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தலைமாட்டில் ஒரு மூலை காலியாகவே கிடந்தது. தம்பி தூக்க வேண்டிய இடம் அது, வேறு ஒருவரும் அதில் வந்து நிற்கத் துணியவில்லை.

ஷைஜா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றாள்.

"பொம்பளையா தூக்குவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏதோ சொல்ல வந்த போதகர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டு விலகினார்.

"தூக்குங்க," என்றாள் அவள்.

தூக்கினார்கள். மற்ற மூன்று பேரும் அவளைவிட நல்ல உயரம். பெட்டி அவள் பக்கமாகச் சாய்ந்து பாரமெல்லாம் அவள் தோளில் இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவர் அவளை ஒருமுறை பார்த்தார். முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தினார். முன்னால் நின்ற இருவரும் தாழ்த்தினார்கள்.

அப்படியே குனிந்தபடி, ரோடு வரைக்கும் நடந்தார்கள்.