பூசணம் பிடிக்காத நிழல்

அந்த ஊரில் முதலில் பூசணம் பிடித்தது பள்ளிக்கூட வாட்ச்மேனின் நிழலுக்கு. முற்பகல் வெயிலில் அவர் கேட்டைத் திறக்க வந்தபோது, சுவரில் விழுந்த நிழலின் விளிம்பெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி பூத்திருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் துண்டை எடுத்துச் சுவரைத் தட்டினார். பொடி உதிர்ந்தது, ஈரச் சாக்கு வாடை அடித்தது, மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பூத்தது. அந்த வாரமே தபால்காரர், தையல்காரர், பள்ளிக்கூட டீச்சர் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் துடைப்பமும் பினாயிலுமாக அலைந்தார்கள். ஒருவர் தன் நிழல் விழும் சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்தார். வெள்ளை மேல் பச்சை எடுப்பாகத் தெரிந்ததுதான் மிச்சம். பூசணத்துக்கு வெயில்தான் மருந்து என்றார் டாக்டர். வெயிலில் நின்றால்தானே ஐயா நிழலே விழுகிறது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பாவம், அவர் நிழலிலும் அது இருந்தது.

சிரிப்பெல்லாம் நாய்கள் சாகும்வரைதான். மீந்த ரொட்டியைத் தின்று வளர்ந்த தெருநாய்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு படுத்தன, பிறகு எழவில்லை. அடுத்து வாட்ச்மேனுக்குக் கண் மஞ்சளித்தது, வயிறு வீங்கியது. நிழலின் விளிம்பில் இருந்த பூசணம் மெல்ல உள்ளே நகர்ந்து, வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாக உட்கார்ந்த அன்று அவர் இறந்தார். அதன்பின் யாருடைய நிழலில் அந்த இடத்தில் திட்டு விழுந்ததோ, அவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் அழ ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். சாக்கடையைத் தோண்டினார்கள். ரொட்டி சுடுகிற மாவின் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் தின்கிற பொருளைச் சந்தேகப்பட்டால் அப்புறம் எதைத்தான் தின்பது?

காரணம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். ஊருக்கெல்லாம் மக்காச்சோள மாவு அரைத்துக் கொடுத்த மில்லை நடத்தியவள். மில்லுக்காரி என்றால்தான் ஊருக்குத் தெரியும். அந்த வருடம் அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்து, குடோன் கூரை ஒழுகி, அடி வரிசை மூட்டைகள் நனைந்துபோயின. மூட்டைக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. அவிழ்த்தால் சோளம் பச்சைப் பொடி பூத்துக் கட்டிக்கட்டியாக வந்தது. குழி தோண்டிக் கொட்டிவிடலாம் என்றார் கணவர். அவளுக்கு மனசு வரவில்லை. விசிறிக் காற்றில் தூற்றினாள்; பொடி பறந்து சோளம் பளிச்சென்று ஆனது. நல்ல மூட்டை ஒன்பதுக்கு இது ஒன்று என்று கலந்து அரைத்தாள். தூசி போய்விட்டது, மிச்சம் இருப்பது அடுப்பில் வெந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்வதுபோல் தனக்கும் சொல்லிக்கொண்டாள். அப்படி நம்பியவள், வீட்டுக்கென்று பழைய சோளத்தை ஒரு டிரம்மில் தனியாக எடுத்து வைத்தாள். மனசுக்குத் தெரிந்ததைக் கை செய்துவிட்டது.

ஒரு நாள் அவளுடைய எட்டு வயது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள்.

"எல்லாருக்கும் இருக்கும்மா. எனக்கு மட்டும் வரல. யாரும் பக்கத்துல சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க."

மில்லுக்காரி முற்றத்தில் மகளை நிறுத்திப் பார்த்தாள். மை கொட்டியதுபோல் சுத்தமான நிழல். கணவரை நிறுத்திப் பார்த்தாள், தானும் நின்று பார்த்தாள். மூன்று நிழலும் பளிச்சென்று இருந்தன. அன்றிலிருந்து மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மேகம் மூடினால்தான் மூவரும் வாசலுக்கு வந்தார்கள். குடோனிலிருந்து ஒரு பிடி பச்சைப் பொடியை அள்ளி வந்து மகளின் நிழல் மேல் தூவியும் பார்த்தாள். மகள் ஓரடி தள்ளி நின்றதும் பொடி தரையிலேயே கிடந்தது, நிழல் மட்டும் சுத்தமாக நகர்ந்து போனது.

அப்போதுதான் டாக்டர் அறிவித்தார்: யாருக்கு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் ஊர் மொத்தமும் மைதானத்துக்கு வர வேண்டும். யாருக்கு இருக்கிறது என்று அவர் பார்க்கப்போகிறார்; யாருக்கு இல்லை என்று ஊர் பார்க்கும். மூட்டையைக் கொட்டிவிடலாம் என்று சொன்ன அதே கணவர் இப்போது பயத்தில் வேறு வழி சொன்னார்.

"நாமளும் அந்த மாவையே சாப்பிட்டுடலாம். லேசா பிடிச்சாப் போதும். அப்புறம் நிறுத்திக்கலாம்."

அவள் ஊருக்கு அரைத்த மாவை எடுத்துப் பிசைந்து ரொட்டி சுட்டாள். மூன்று தட்டு வைத்தாள். மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதைச் சாப்பிட்டா எனக்கும் வருமாம்மா?"

பிள்ளை ரொட்டியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனபோது மில்லுக்காரி அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். ரொட்டி சுவரோரம் போய் விழுந்தது. அதுவரை மகளை அவள் அடித்ததே இல்லை. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ரொட்டியைத்தான் தினமும் தின்கிறார்கள் என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்தபின் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், கணவரை வீட்டிலேயே விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றாள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான நிழல்கள் பச்சை விளிம்போடு கிடந்தன. நடுவே இரண்டு மட்டும் கருகருவென்று. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாட்ச்மேனின் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"உங்க வீட்ல என்ன மாவு?"

"வேற மாவு," என்றாள் மில்லுக்காரி. நனைந்த மூட்டையைக் கலந்து அரைத்ததையும், வீட்டுக்கென்று டிரம்மில் பழைய சோளம் வைத்ததையும் அவளே சொன்னாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வீட்டுக்குப் போய் டிரம்மை உருட்டிவந்து, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அளந்து கொடுத்தார்கள். குடோனில் இருந்ததை ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி வெட்டி மூடினார்கள். மில்லுக்காரியும் கணவரும் சிறைக்குப் போனார்கள். கணவர் அங்கேயே இறந்தார். மகளை வளர்க்க ஆள் இல்லாதபோது, யாரும் எதிர்பார்க்காதபடி, வாட்ச்மேனின் மனைவி கூட்டிக்கொண்டு போனாள். பார்க்க வந்த ஒரு நாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மகள் சொன்னாள்: "எல்லார் மாதிரியும் இருந்திருக்கலாம்மா." மில்லுக்காரிக்கு அழுகை வந்தது, ஆனால் மகளின் கையிலிருந்து அந்த ரொட்டியைத் தட்டிவிட்டதற்கு வருந்தவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் அவள் கடைசிவரை வருந்தவில்லை.

சிலருக்கு வருடங்களில் பூசணம் வெளிறியது. சிலர் அதோடேயே வாழ்ந்தார்கள், சிலர் வாழவில்லை. பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே நிழலோரம் லேசாக மஞ்சள் தட்டியது. எது லேசு, எது அதிகம் என்று பெற்றவர்களுக்குக் குழப்பம் வந்தது, ஏனென்றால் சுத்தமான நிழல் எப்படி இருக்கும் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. அதனால் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் மில்லுக்காரி மகளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவள் தையல் கடையில் வேலையைப் போட்டுவிட்டு காலை வெயிலில் மைதானத்துக்கு வந்து நிற்பாள். அவள் நிழலுக்குப் பக்கத்தில் குழந்தையைத் தூக்கிப் பிடிப்பார்கள், குனிந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சிறையிலிருந்து திரும்பிய மில்லுக்காரி, யாரும் கூப்பிடாததால், எதிர்ச்சுவர் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"போன தடவைக்கு இது பரவாயில்லை," என்பாள் வாட்ச்மேனின் மனைவி. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மகள் கடைக்குத் திரும்புவாள்.