சேனோ பார்த்த பக்கம்

1

ஜாவாவில், சுரபாயா நகரத்தில் இருக்கும் ஒரு அம்மாளிடம் பொய் சொல்வதற்காகத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். 'பொய்' என்ற இடத்தில் முதலில் 'ஆறுதல்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

பொய் கேட்டு வந்தவன் அர்தாவன். பாலிக்குப் பக்கத்தில் உள்ள நுசா பெனிடா தீவில் வண்டி ஓட்டுகிறவன். காலைப் படகில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, படம் எடுக்கத் தோதான இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போய், அவனே படமும் எடுத்துக்கொடுத்து, மாலைப் படகுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். நான் பதினான்கு வருடமாக இந்தத் தீவில், என் மனைவி சுக்ரியின் ஊரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன். தமிழில் கதை எழுதுகிறேன் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பதால் எனக்கு நல்ல மதிப்பு.

"எழுத்தாளரே, ஒரு ஆளைச் செஞ்சு குடுங்க," என்றான் அர்தாவன்.

"என்ன ஆளு?"

"பொம்பளை ஆளு. இல்லாத ஆளு. ஆனா இருந்த மாதிரி இருக்கணும்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னேன். அவன் சொன்னதைத்தான் கீழே எழுதப் பார்க்கிறேன்.

2

'கடல் அன்று நீலமாகவும் பச்சையாகவும்—'

(வேண்டாம். படகுச் சீட்டின் பின்பக்கத்திலேயே இந்த வாக்கியம் அச்சாகி இருக்கிறது.)

'அவளுக்கு முகம் இல்லை என்பதை அவன்—'

(பயமுறுத்த இவ்வளவு அவசரம் கூடாது.)

மூன்றாவது தொடக்கம்:

படகிலிருந்து இறங்கியவர்களில் தொப்பி இல்லாதவர் ஒருவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் சாம்பல் நிறத் துணி, மூடிய காலணி, தோளில் ஒரே ஒரு பை. அர்தாவன் கையில் பிடித்திருந்த அட்டையில் 'வினார்ணி' என்று எழுதியிருந்தது. அவர் அட்டையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்.

"நீங்கதானே அர்தாவன்?"

"ஆமா இபு. நீங்க மட்டுந்தானா? பிள்ளைங்க யாரும் வரலையா?"

(இபு என்றால் அம்மா. எந்த அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் இவனை 'ப்ளி' என்று கூப்பிடுவார். அண்ணன் என்று பொருள். பாலிக்காரனை ஜாவாக்காரர்கள் மரியாதைக்கு அப்படித்தான் அழைப்பார்கள், வயது பார்ப்பதில்லை.)

"நான் மட்டுந்தான், ப்ளி. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு எந்தெந்த இடத்துல படம் எடுத்தீங்களோ அதே இடத்துல, அதே வரிசையில எனக்கும் எடுக்கணும்."

அர்தாவனுக்கு இது புதிதில்லை. தோழி எடுத்த மாதிரியே வேண்டும், நடிகை எடுத்த மாதிரியே வேண்டும் என்று நாளைக்கு நாலு பேர் கேட்கிறார்கள். வண்டி முகப்பில் காலையில் படையலாக வைத்த பூத்தட்டைச் சரி செய்துவிட்டு, "ஏறுங்க இபு," என்றான்.

3

முதல் இடம், கடல் குடைந்த பாறை வளைவு. வளைவுக்குள் தண்ணீர் கிணறு மாதிரி வட்டமாகச் சுழலும். அர்தாவன் வழக்கமான இடத்தில் போய் நின்றான்.

"அன்னிக்கும் அங்கதான் நின்னீங்களா?"

"எல்லாருக்கும் இதே இடந்தான் இபு. நான் நின்னு நின்னு தரையில பள்ளமே விழுந்திருச்சு."

வினார்ணி வளைவுக்கு முன்னால் போய் நின்றார். ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை. அர்தாவனுக்கு இடப்புறம், தூரத்தில், வண்டிகள் நிற்கிற பக்கமாக எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார்.

"இபு, இங்க. என் கையைப் பாருங்க."

அவர் திரும்பவே இல்லை. கூச்சம் போலிருக்கிறது என்று அப்படியே எடுத்துவிட்டான்.

இரண்டாவது இடம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலைமுகடு. ராட்சத மிருகம் ஒன்று கழுத்தை நீட்டித் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும். அங்கேயும் அப்படியே. இந்த முறை பார்வை கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அவன் நின்ற இடத்துக்கு ஒரு பத்தடி இடப்புறம். அர்தாவன் தானாகத் திரும்பிப் பார்த்தான். கம்பி வேலியும் ஒரு குப்பைக் கூடையும் இருந்தன.

"அங்க என்ன இபு பார்க்கறீங்க?"

அவர் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். திரையில் ஒரு இளைஞன், இதே மலைமுகடு, இதே சாய்வு. தான் எடுத்த படம் என்று அர்தாவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அடிவானம் தோளைத் தொடுகிற மாதிரி வைப்பது அவன் பழக்கம்.

"என் மகன். சேனோ. உங்க நம்பர் அவன் போன்லதான் இருந்துச்சு."

ஆயிரம் பேரில் ஒருவன். அர்தாவனுக்கு நினைவிருந்ததெல்லாம், அந்தப் பையன் மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான், சம்பல் என்ற மிளகாய்த் துவையலை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டான் என்பதுதான்.

"இங்கேருந்து நல்லாத்தான் வந்தான். ரெண்டு மாசம் வேலைக்குப் போனான். ஒரு நாள் காலைல எழுந்திரிச்சுப் பார்த்தா இல்ல. போனை மேசை மேல வெச்சிட்டுப் போயிருக்கான். நான் இந்தப் படங்களைத்தான் தினமும் பார்த்துட்டிருக்கேன், ப்ளி. ஒன்னுலகூட அவன் உங்களைப் பார்க்கல. முதல் படத்துல ரொம்ப தூரத்துல பார்க்கறான். இதுல கொஞ்சம் கிட்ட. கடைசிப் படத்துல..." அவர் விரலால் தள்ளினார். "உங்க பக்கத்துலயே. உங்க தோளுக்குப் பக்கத்துல. பாருங்க, சிரிக்கறான். இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தெரிஞ்சவங்ககிட்ட மட்டுந்தான் இப்படிச் சிரிப்பான். யார் நின்னா அங்க?"

"யாரும் நிக்கல இபு. நானும் உங்க மகனும் மட்டுந்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தான். தீவின் கிழக்கு ஓரம் வரை, குண்டும் குழியுமான ஒன்றரை மணி நேரப் பாதை முழுக்க யோசித்தான். யாருமே இல்லை.

கடைசி இடம், பாறை விளிம்பில் கட்டியிருக்கும் மரவீடு. நண்பகல் வெயிலில் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். இன்னொரு வண்டிக்காரன் கத்தினான்: "அர்தாவன், இன்னிக்கு மாடல் யாரு, உன் மாமியாரா?" எல்லாரும் சிரித்தார்கள். அர்தாவனும் சிரித்து வைத்தான்.

வினார்ணி ஏணியில் ஏறி, மகன் உட்கார்ந்த பலகையில் மகன் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார். அர்தாவன் போனைத் தூக்கினான். அப்போதுதான் கவனித்தான். வரிசை அவன் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றது. ஒருவர் வியர்வை ஒருவர் மேல் படுகிற நெருக்கம். வலப்புறம் ஒருத்தியின் குடை அவன் காதில் இடித்துக்கொண்டிருந்தது. இடப்புறம் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஒருவரும் அதில் காலெடுத்து வைக்கவில்லை. யாரோ அங்கே ஏற்கெனவே நிற்கிற மாதிரி ஒதுங்கி நின்றார்கள்.

திரைக்குள் வினார்ணி அந்த இடத்தைப் பார்த்தார். மெல்லத் தலை தாழ்த்தினார், புதிதாக அறிமுகமான ஒருவருக்குத் தாழ்த்துவது போல.

இறங்கி வந்ததும் அர்தாவன் கேட்டான், "யாருக்கு இபு தலை குனிஞ்சீங்க?"

"தெரியல, ப்ளி. தானா குனிஞ்சிருச்சு."

திரும்பும் வழியில் பின்னிருக்கை முழுக்கக் காலியாக இருந்தும் அவர் ஒரு ஓரமாக ஒதுங்கியே உட்கார்ந்து வந்தாராம்.

(இந்தக் கடைசி வரி அர்தாவன் சேர்த்தது என்று சந்தேகிக்கிறேன். நல்ல வரி என்பதால் விட்டு வைக்கிறேன்.)

4

அர்தாவனை நம்பலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு வரைவில் அவனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன்: பையனுக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியும், மறைக்கிறான்—

ஒட்டவில்லை. அப்படி மறைக்கிறவன் படம் எடுப்பதை நிறுத்தியிருக்க மாட்டான். அர்தாவன் நிறுத்திவிட்டான். மூன்றுகால் தாங்கி ஒன்று வாங்கி, அதில் விருந்தாளிகளின் போனை மாட்டிவிட்டு இருபதடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். படத்துக்காகவே அவனைத் தேடி வந்தவர்கள் இப்போது வேறு வண்டிக்குப் போகிறார்கள்.

அதோடு, சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு வினார்ணி அழைக்கிறார். கோபமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. "சாப்பிட்டீங்களா ப்ளி? ஏதாவது ஞாபகம் வந்துச்சா?" அவ்வளவுதான். 'இல்லை இபு' என்று ஐந்து மாதமாகச் சொல்லிவிட்டான்.

"ஒரு பொண்ணு நின்னாள்னு சொல்லிட்டா போதும்," என்றான் என்னிடம். "மகன் அவகூடப் போயிட்டான், எங்கேயோ நல்லா இருக்கான்னு அந்தம்மா நெனச்சுக்கட்டும். எனக்குப் பொய் வராது, எழுத்தாளரே. உங்களுக்குத் தொழிலே அதுதானே?"

5

நான் அவளைச் செய்தேன்.

முதல் வரைவில் அவளுக்குச் சிவப்புச் சட்டை போட்டேன். எல்லாக் கதைகளிலும் சிவப்புதான் வருகிறது என்று கழற்றினேன். படகில் தனியாக வந்தவள். வண்டியில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்ளலாமே என்று சேனோதான் கேட்டான். வண்டி முதலாளிக்குத் தெரியாமல் ஏற்றியதால் அர்தாவன் இதுவரை வாயைத் திறக்கவில்லை. (இது நல்ல முடிச்சு. ஐந்து மாத மௌனத்துக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?) செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பாள். கடைசியாக, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு கொடுத்தேன். காரணமில்லை. பாத்திரத்துக்கு ஒரு தழும்பு இருந்தால் கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தேடுவார்கள்.

இந்தோனேசிய மொழியில் அரைப்பக்கம் எழுதி அவன் கையில் கொடுத்தேன். சுக்ரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளையைத் தொலைச்சவகிட்ட ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து நாடகம் போடுறீங்க, நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

6

போன சனிக்கிழமை. என் முன்னறையில் உட்கார்ந்து, போனை ஒலிபெருக்கியில் போட்டு, அர்தாவன் காகிதத்தைப் பார்த்துப் பேசினான். பொய் வராது என்றவன் நன்றாகவே பேசினான்.

"...கூட ஏத்திக்கிட்டேன் இபு. பயத்துல சொல்லல, மன்னிச்சிருங்க. நான் படம் எடுக்கறப்ப என் இடது பக்கம் நின்னு வேடிக்கை பார்த்துச்சு. செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுத்தான் நடக்கும்..."

அவனை முடிக்க விடவில்லை அவர்.

"இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு," என்றார் வினார்ணி. "அவதானே?"

அர்தாவன் என்னைப் பார்த்தான். அவன் விரல் காகிதத்தில், தழும்பு வரிக்கு இரண்டு வரி மேலே நின்றுகொண்டிருந்தது.

"சேனோ போறதுக்கு முந்தின நாள் வாசல்ல வந்து நின்னா. செருப்பு கையில. 'சேனோ இருக்காரா'ன்னு கேட்டா. ஏதோ விக்க வந்த பொண்ணுன்னு நெனச்சு, இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். உள்ள தூங்கிட்டுத்தான் இருந்தான்." பிறகு அழுதார். வெகு நேரம் அழுதார். நடுவில், "எம்பிள்ளை தனியாப் போகல, தனியாப் போகல," என்று மட்டும் கேட்டது.

நாங்கள் விரும்பியது அதைத்தான். அவர் அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தோம்.

போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார். "அவ பேரு என்ன ப்ளி? நல்லா யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க. பேரு தெரிஞ்சா கூப்பிட்டுப் பார்ப்பேன்."

7

சுக்ரிக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. முந்தின நாள் நாங்கள் காகிதத்தை உரக்கப் படித்துப் பார்த்தபோது அர்தாவனின் போன் கைதவறி வினார்ணியை அழைத்திருக்கலாம், அவர் கேட்டிருக்கலாம், பிள்ளையைத் தேடும் மனசு மீதியைக் கட்டிக்கொண்டிருக்கலாம். போனை எடுத்து அழைப்புப் பட்டியலைப் பார்த்தோம். அப்படி ஒரு அழைப்பு இல்லை. "அழிஞ்சிருக்கும்," என்றாள் சுக்ரி. அன்றிலிருந்து முன்னறையைக் கூட்டும்போது என் நாற்காலிக்கு இடப்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுகிறாள். ஏன் என்று கேட்டேன். கேட்கும்வரை அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

எல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்ளலாம். அப்படியானால் அந்தத் தழும்பு— (மேலே எழுத முடியவில்லை.)

அவள் பெயர் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். அர்தாவனுக்கு இதுதான் விருப்பம். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அவர் கேட்பார். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

பெயர் வைத்துவிடலாம்.

இன்று சனிக்கிழமை. மூன்றாக இரண்டு நிமிடம் இருக்கிறது. அர்தாவன் எதிரே உட்கார்ந்து ஆறிய காப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெயருக்காக இந்தக் காகிதத்தில் விட்டிருக்கும் இடம் இது:

அவள் பெயர் ...............

இவ்வளவு தூரம் படித்து வந்ததில் உங்கள் மனதிலும் ஒன்று தோன்றியிருக்கலாம். எனக்கும் தோன்றிவிட்டது. அதைச் சொன்னால் வினார்ணி அவளைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் அவள் வருவாள் என்று நான் இப்போது நம்புகிறேன். சேனோவைக் கூட்டிக்கொண்டு வருவாளா, வினார்ணியைக் கூட்டிக்கொண்டு போவாளா என்பதுதான் தெரியவில்லை. கதையை எழுதுகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஆகவே பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். எழுதுவதா, வெறுமையாக விடுவதா, நீங்களே முடிவு செய்யுங்கள். சீக்கிரம் செய்யுங்கள்.

போன் அடிக்கிறது.