மூன்றாம் சந்தில் மரைகள் இறுகிய எட்டு நாள்

கிள்ளான் பக்கம், மேரு தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பின் மூன்றாம் சந்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, திருகு மரை உள்ள பொருள்கள் அத்தனையும் இறுகிப்போயின. எட்டு நாளுக்கு அவை அசையவில்லை. காப்பித்தூள் போத்தல், தைலப் போத்தல், குழாய், பல்பு, மோட்டார்சைக்கிளின் பெட்ரோல் மூடி என்று எதுவும் தப்பவில்லை. மூடியிருந்த குழாய்கள் மூடியே கிடந்தன, திறந்திருந்தவை ஓடிக்கொண்டே இருந்தன. சாப்பாட்டுக்கடை ஹபீபா அந்த நேரம் பார்த்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் கடைக் குழாய் ஒன்று எட்டு நாளும் ஓடியது, சந்தே வாளியும் கையுமாக அங்கேதான் நின்றது. இது யார் வேலை என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. இறுகுவதற்கு ஒரு நொடி முன்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் எல்லா வீட்டிலும் கேட்டது, தொலைக்காட்சி அலறிய வீட்டிலும் கேட்டது. அது சந்திரகலாவின் பட்டறையிலிருந்து வந்தது. அங்கே ஒரு பழைய சாகா காரின் அடியில், எக்ஸாஸ்ட் புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில், துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்திருந்தது.

சந்திரகலாவுக்கு வயது நாற்பத்தொன்று. கிள்ளானில் அடுத்தவர் பட்டறைகளில் பதினான்கு வருடம் கார்களுக்கு அடியில் படுத்தவள், பிப்ரவரியில்தான் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். எட்டு மாதமாக வந்ததெல்லாம் பஞ்சர் ஒட்டும் வேலை. பெண் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் பலருக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். முதல் பெரிய வேலையாக வந்தது வேலாயுதத்தின் சாகா. அவர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், முப்பத்தோரு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எக்ஸாஸ்ட்டைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டில் இரண்டு எப்போதோ உதிர்ந்துவிட, நெடுஞ்சாலையே திரும்பிப் பார்க்கும்படி உறுமிக்கொண்டு வந்து சேர்ந்தார். அங்கே நாலு பட்டறையில் காரை இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம். சந்திரகலா குனிந்து பார்த்து, "கழட்டிடலாம் அங்கிள், ஆனா டைம் வேணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

துருப்பிடித்த போல்ட்டை மூன்று நாள் எண்ணெயில் ஊறவைப்பாள், பிறகு சூடு காட்டுவாள், அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவாள். அதுதான் அவள் வழக்கம். அன்றைக்கு இரண்டாவது நாள்தான் ஆகியிருந்தது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பழனியப்பன் கையில் தே தாரே டீயோடு வந்து வாசலில் நின்று, "என்னா பொண்ணு, ரெண்டு நாளா காருக்குக் கீழயே படுத்துருக்கே? கையில தெம்பு இல்லனா சொல்லுலா, என் மருமவன வரச் சொல்றேன்" என்றார். சந்திரகலாவுக்குச் சுருக்கென்றது. ஸ்பேனரில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தாள். டிக். பதினான்கு வருடத்தில் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குறடு, சுத்தியல், கதவிடுக்கு, பல் என்று இருந்த எல்லாவற்றையும் வைத்து முறுக்கினார்கள். முறுக்க முறுக்கப் போத்தல்தான் உடைந்தது, மூடி அசையவில்லை. பழனியப்பன் காப்பித்தூள் போத்தலோடு மூன்று நாள் மல்லுக்கு நின்று மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை கூட்டம் கூட்டினார். அடுத்த புதன் மதியத்துக்குள் மூடிகள் திறக்காவிட்டால் பட்டறை காலி செய்ய வேண்டும் என்று கடிதம் தயாரானது, கடை வீட்டு உரிமையாளரும் கையெழுத்துப் போட்டார். சந்திரகலா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இந்தக் கடை போனால் மறுபடி அடுத்தவன் பட்டறைதான், இல்லை அதுவும் இல்லை. போல்ட்டை முறித்தவளை யார் சேர்ப்பார்கள்?

வேலாயுதம் தினமும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, கிள்ளானில் பஸ் மாறி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "எனக்கு அவசரம் இல்லம்மா. மத்தவனுங்க காரை இரும்புக்குப் போடச் சொன்னானுங்க, நீ ஒருத்திதான் குனிஞ்சு பாத்தே" என்று சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

முறிந்த போல்ட்டின் தலை போய்விட்டது, பிடித்துத் திருப்ப எதுவும் இல்லை. அதன் மேல் புது நட்டு ஒன்றை கரண்ட் வெல்டிங் வைத்து ஒட்டினால்தான் வழி. கேஸ் சுடரால் சூடுகாட்ட முடியாது, சிலிண்டரின் மூடியும் இறுகிக் கிடந்தது. சனிக்கிழமை ஒட்டிய நட்டு கையோடு வந்துவிட்டது. திங்கட்கிழமை ஒட்டியதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் கம்பியால் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, மறுபடி காத்திருந்தாள்.

புதன்கிழமை காலை பத்தரைக்குச் சந்தே பட்டறை வாசலில் கூடிவிட்டது. மூன்றாவது நட்டை ஒட்டினாள். அது செக்கச்செவேலென்று எரிந்து, மெல்லக் கறுத்தது. ஹபீபாவின் கடையில் வாங்கி வந்திருந்த மெழுகுவர்த்தியை அதன் மேல் தேய்த்தாள், மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. ஸ்பேனரைப் பொருத்தி, கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினாள்.

சந்து முழுக்க மூடிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஹபீபாவின் குழாயில் தண்ணீர் நூலாகச் சுருங்கியது. "ஐயோ, இன்னும் இறுக்குறாளே! கழட்டச் சொன்னா இறுக்குறாளே!" என்று பழனியப்பன் கட்டுப்போட்ட கையால் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் இழுத்துப் பாத்தீங்க, நானும் இழுத்தேன். கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் சந்திரகலா, காருக்கு அடியிலிருந்து. இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடி அங்கே, மறுபடி இங்கே. இருபது நிமிடம் இப்படியே போனது. பதினொன்றேகாலுக்குத் துரு, அரைத்த மிளகாய்ப்பொடி போல அவள் முகத்தில் கொட்டியது. போல்ட் கால் சுற்று வந்தது, அரைச் சுற்று வந்தது, பிறகு விரலால் சுற்றும்படி கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அந்த நொடியில் சந்தில் இருந்த மூடிகள் அத்தனையும் தாமாகச் சுழன்று திறந்தன. குழாய்கள் பீய்ச்சின, பல்புகள் கழன்று பொத்தென்று கட்டில்களில் விழுந்தன, பழனியப்பன் வீட்டுக் காப்பித்தூள் வாசனை தெருமுனைவரை வந்தது. ஹபீபா முழுக்க நனைந்து நின்று, "தொறந்துருச்சு! எல்லாம் தொறந்துருச்சு அக்கா!" என்று கூவினாள். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சந்திரகலா காருக்கு அடியிலேயே படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் காதுக்குள் ஓடியது. சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து முகத்துத் துருவைத் துடைத்தாள்.

அன்று மதியமே புது போல்ட்டுகளும், துருப்பிடிக்காத பித்தளை நட்டுகளும் போட்டுக் காரைக் கொடுத்தாள். வேலாயுதம் பிரிக்ஃபீல்ட்ஸ்வரை ஓட்டிப் போனார், நெடுஞ்சாலையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவர் இன்றைக்கும் ரயில் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு மூன்றாம் சந்தில் எந்த மூடியும் இறுகுவதில்லை. குழந்தை தொட்டாலும் திறந்துகொள்ளும், அதனால் எல்லோரும் ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார்கள். பங்சாரிலிருந்து திறக்க முடியாத ஊறுகாய் போத்தல்களும் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து அத்தர் புட்டிகளும் வருகின்றன. சந்துக்குள் நுழைந்ததும் அவை திறந்துவிடும், கொண்டுவந்தவர்கள் ஹபீபாவின் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கார் போல்ட்டுகளுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை, துருப்பிடித்தால் ஊறவைத்தே ஆகவேண்டும். பட்டறை வாசலில் பழைய கார்கள் தெருமுனைவரை நிற்கின்றன.

போன மாதம் அந்த வரிசையில் பழனியப்பனும் நின்றார். அவர் காரின் எக்ஸாஸ்ட் தரையில் இழுபட்டது. தன் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாஸ், போல்ட்டு ரொம்பத் துரு. எப்ப வரட்டும்?" என்றார்.

"மூணு நாள் ஊறட்டும் அண்ணே. வெச்சிட்டுப் போங்க."

"போதுமா பாஸ்? வேணும்னா நாலு நாள் ஊறட்டுமே" என்றார் பழனியப்பன். சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் ரப்பர் பேண்டைச் சரிபார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.