ஓரக்கல் ஏறாத ஆமைகள்

தான் குடியிருந்த தெரு நெடுக சாலையோரக் கல் பதித்தவர் கொத்தனார். ஒரு சாண் உயரம், நூல் பிடித்த நேர். மேற்பார்வையாளர் முதுகில் தட்டிக்கொடுத்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர்ப்பக்கக் குளத்து ஆமைகள் முட்டையிடத் தோட்டங்களுக்கு வரும் காலம் அது. சாலையை எப்படியோ கடந்துவிடும். கல்லில்தான் ஏற முடியாது. அதை ஒட்டியே நடந்து ஏதாவது சக்கரத்தில் மாட்டும். ஒரே வாரத்தில் இரண்டை மண்வெட்டியில் அள்ளினார்.

அலுவலகத்தில் சொன்னதற்கு, "பிளான்ல ஆமை இல்லையே கொத்தனாரே" என்றார்கள்.

சனிக்கிழமை தன் வீட்டு வாசலில் ஒரு கல்லை உடைத்துச் சரிவாகப் பூசினார். ஞாயிறு காலை அதில் மனைவியின் தம்பியுடைய ஸ்கூட்டர் ஒய்யாரமாக நின்றது.

"எனக்காகவா மாமா? சொல்லியிருந்தா சிமெண்ட் நானே வாங்கியிருப்பேனே."

"ஆமைக்குடா."

"அது எப்ப வண்டி வாங்குச்சு?"

"உங்க வேலையைப் பாராட்டுறதே அவன் ஒருத்தன்தான். அவனையும் விரட்டுங்க" என்றாள் மனைவி.

சரிவை ஆமை அகலத்துக்குக் குறுக்கினார். டயர் ஆமையைவிட ஒல்லி என்பது முப்பது வருட அனுபவத்தில் அவருக்கு எட்டாமலே போயிருந்தது.

திங்கள் மதியம் ஓர் ஆமை கல்லோரமாக ஊர்ந்து வந்து, அந்தச் சரிவையே கண்டுபிடித்தது. அங்கே நின்ற ஸ்கூட்டர் டயரில் முட்டியது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கல்லோரமாகவே மேற்கொண்டு நடந்தது. தெருமுனையில் தண்ணி லாரி திரும்பியது.

கொத்தனார் நடுச்சாலைக்கு ஓடி இரண்டு கையையும் விரித்து நின்றார். லாரி கிறீச்சிட்டு நின்றது.

"என்னண்ணே, வீட்ல சண்டையா?" என்றார் டிரைவர்.

ஆமையை இரு கையாலும் தூக்கினார். அது அவர் சட்டையை நனைத்தது. அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே தோட்டத்து மண்ணில் விட்டார். வெகுநேரம் கழித்துத் தலையை நீட்டி, பின்னங்காலால் மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

அவர் சுத்தியலோடு சாலைக்குத் திரும்பி, பத்தடிக்கு ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

"இத்தனையும் உடைச்சா ஆபீஸ்ல சும்மா விடுவாங்களா?" மனைவி பின்னாலேயே வந்தாள்.

"திட்டட்டும். ஒரு வாரமா நான் ஒருத்தனே என்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன். அலுத்துப்போச்சு."