ஹார்லிஸ் ஐசனின் உயரம்

1971 அக்டோபர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, தபால் வந்த கையோடு, லாரல் லிக் என்ற மலையூரில் பாஞ்சோ என்ற ஐந்து கம்பி வாத்தியம் வாசிக்கும் ஹார்லிஸ் ஐசன் தரையை விட்டு இரண்டு அங்குலம் மேலே போனார். அன்று முட்டை டஜன் ஐம்பத்திரண்டு சென்ட். முட்டை விலை மறுநாளே இறங்கிவிட்டது, ஹார்லிஸ் இறங்கவில்லை. முதலில் கவனித்தது அவர் மனைவி நெவலீ. அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த சமையலறையில் அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தும் ஒரு பூட்ஸ் தடம்கூட விழவில்லை. இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அப்படி ஒரு அதிசயம் நடந்ததே கிடையாது. "யோவ், காலுக்கடியில என்ன வச்சிருக்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லியே" என்றார் அவர், கையிலிருந்த இதழிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதைத்தான்யா நானும் கேக்குறேன்" என்றாள் நெவலீ.

அவர் கையில் இருந்தது 'ஐந்து கம்பி'. எங்கள் மலையில், கம்பி வாத்தியங்களை மட்டுமே வைத்து வாசிக்கும் ப்ளூகிராஸோ, கன்ட்ரி பாட்டோ, இசைத்தட்டு எது வெளிவந்தாலும் ரசிகர்களுக்குச் செய்தி சொல்லும் எட்டுப் பக்க மாத இதழ். எழுதுவது, சர்ச் நிலவறையில் சைக்ளோஸ்டைல் அடிப்பது, எச்சில் தொட்டுத் தபால்தலை ஒட்டுவது எல்லாம் ஓர்லீன் ஸ்டிடம் என்ற ஒருத்திதான். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவாள். உள்ளூர்க்காரர்களில் தொடங்கி, ஒஹையோவுக்குக் கார் கம்பெனி வேலைக்குப் பிழைக்கப் போனவர்கள் வரை அறுநூற்றுச் சொச்சம் பேர் சந்தாதாரர்கள். நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வாயை மூடிக்கொள் என்பது இந்த மலையில் தாய்ப்பாலோடு புகட்டப்படும் சட்டம். மூடிக்கொண்டால் எட்டுப் பக்கத்தை எதை வைத்து நிரப்புவது? ஆகவே வந்த தட்டையெல்லாம் ஓர்லீன் ஆகா ஓகோ என்றாள். ஹார்லிஸின் தட்டு என்றால் மட்டும் "இதுவரை வந்ததிலேயே இதுதான் உச்சம்" என்று கூடுதலாக ஒரு வரி. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொன்றும் முந்தையதை மிஞ்சிக்கொண்டே வந்தது என்றால் முதல் தட்டு எவ்வளவு கேவலமாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு ஜீவனும் யோசித்ததில்லை.

அடுத்த ஒன்பது வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம், எல்லாம் ஒரே மாதிரிதான். ஹார்லிஸ் வருடத்துக்கு ஒரு தட்டு போட்டார். பன்னிரண்டு பாட்டு, அதில் இரண்டு பரலோகத்துக்குப் போகும் பாட்டு. ஓர்லீன் எழுதினாள். அவர் ஏறினார். 1973இல் முழங்கால் உயரம், 1975இல் சாப்பாட்டு மேசை உயரம், 1977இல் கூரை உத்தரத்தில் நெற்றி இடித்து நான்கு தையல். ஊருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. போதகருக்கு மட்டும் மனத்தாங்கல். அழைப்பு வருமுன் கிளம்புவது மரியாதை இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேர் சொல்லாமல் பிரசங்கித்தார். ரசிகர்களோ அவர் மிதப்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. 1976ஆம் வருடத் தட்டின் அட்டைப் படத்தில் மூலையில் ஒரு டிரம் தெரிந்தது. டிரம் இருந்தால் அது ப்ளூகிராஸா என்று பதினான்கு மாதம் கடிதத்தில் அடித்துக்கொண்டார்கள். ஒஹையோவின் டேட்டனில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோனது. ஒரு மனிதன் மேசை உயரத்தில் அந்தரத்தில் நின்று வாசிப்பது மட்டும் யாருக்கும் மரபுக்கு விரோதமாகப் படவில்லை. ஹார்லிஸுக்கு உச்சி குளிர்ந்துதான் இருந்தது என்று ஊரில் பேசிக்கொண்டோம். இத்தனை தலைக்கனத்தோடு மனுஷன் எப்படி மிதக்கிறார் என்று நெவலீயே கேட்டிருக்கிறாள்.

1980 ஜூலையில் அவர் கூரைக்கு மேலே போய்விட்டார். கோவேறு கழுதையை ஏரில் பூட்டும் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை முன்வாசல் தூணில் முடிந்துவைத்தாள் நெவலீ. வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் வாளியில் மேலே போகும், காலி வாளி கீழே வரும். அந்த நேரம் பார்த்து தட்டு போடும் கம்பெனிக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். ஹார்லிஸின் பழைய புதிய தட்டெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக, ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை பாட்டுத் திருவிழாவில் வெளியிடப் போகிறார்களாம். 'ஐந்து கம்பி' சிறப்பிதழ் போட வேண்டுமாம், பன்னிரண்டு பக்கமும் பாராட்டாக. ஒரே ஒரு வரிக்கு இரண்டு அங்குலம் ஏறிய ஆள் பன்னிரண்டு பக்கத்துக்கு எங்கே போய் நிற்பார் என்று நெவலீக்குப் புரிந்தது. வீட்டில் கயிறும் அவ்வளவு இல்லை. நேராக ஓர்லீன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஏன்டி ஓர்லீன், உனக்குப் புண்ணியமாப் போகும், அந்தாளைக் கொஞ்சம் திட்டி எழுதேன்."

"திட்டுறதா? எழுதாம வேணா இருக்கேன் நெவலீ. திட்டுனா என் கை வெளங்காமப் போயிரும்."

"நீ எழுதலன்னா இன்னொருத்தன் எழுதுவான். பொண்டாட்டி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எம் புருஷன் உன் எழுத்தைப் புடிச்சுக்கிட்டுப் பரலோகம் போறாரு. நல்லாருக்கா இது?"

ஓர்லீன் மனசு கேட்காமல் ஆகஸ்ட் இதழில் எழுதினாள். கடைசியாக வந்த தட்டு வெறும் தகர டப்பாச் சத்தம், ஹார்லிஸ் பாஞ்சோவை விற்றுவிட்டுப் பன்றி வளர்க்கலாம் என்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முந்நூற்று நாற்பது ரசிகர்கள் கொதித்தெழுந்து கடிதம் போட்டார்கள், அதன் நகலை ஹார்லிஸுக்கும் அனுப்பினார்கள். கலைஞன் என்றால் நீ, கடவுளின் கட்டைவிரல் நீ, உன் கால் தூசு பெறுமா அவள் இதழ் என்றெல்லாம். தபால்காரர் மூட்டையை வாளியில் வைத்து மேலே அனுப்பிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ஹார்லிஸ் சைக்கமோர் மரத்து உச்சியைத் தாண்டிவிட்டார். நெவலீ கொடிக்கயிற்றையும் கிணற்றுக் கயிற்றையும் சேர்த்து முடிந்தாள். கடைசி முடிச்சைத் தூணில் போடும்போது கையில் நான்கு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

ஓர்லீனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகு ஒன்று சொன்னாள். அதை அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "எழுபத்தொண்ணுல எம் பாட்டுப் பெட்டியில ஊசி உடைஞ்சு போச்சு. வாங்கணும் வாங்கணும்னு இருந்தேன். அந்த மாசம் அட்டையைப் பாத்தே எழுதிட்டேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. அப்புறம் வாங்கவே தோணல." நெவலீ மூக்கைச் சிந்தினாள். "அப்ப ஒம்பது வருஷமா கேக்காமயே புகழ்ந்திருக்க. இப்ப கேக்காமயே திட்டியிருக்க. போ, போயி முதல்ல கேளுடி."

கேட்பதற்கு ஊசி வேண்டுமே. ஓர்லீன் சந்தாதாரர் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோர் வீட்டிலும் ஹார்லிஸின் தட்டு ஒன்று பாக்கியில்லாமல் வரிசையாக இருந்தது, கம்பெனி ஒட்டிய கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல். பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்றார்கள். ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டியின் மேல் பூச்சட்டி இருந்தது, இன்னொன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. கடைசியில், ஊரிலேயே 'ஐந்து கம்பி' வாங்காத ஒரே ஆளான, சவ அடக்கம் நடத்தும் டெல்மஸ் ப்ளெவின்ஸிடம் நல்ல ஊசி இருந்தது. "இறந்தவங்களுக்கு சர்ச் ஆர்கன் வாசிச்ச தட்டு போட வச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல" என்றார் அவர். சடங்குக் கூடத்தில் அறுபது காலி நாற்காலிகளுக்கு நடுவே, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர்லீன் உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்து ஒன்பது தட்டுகளையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டாள். பொழுது சாயும்போது எழுந்தவளின் முகத்தைப் பார்த்து, பழக்க தோஷத்தில் டெல்மஸ் கைக்குட்டையை நீட்டினார்.

வியாழக்கிழமை சிறப்பிதழ் தபாலில் போனது. பன்னிரண்டு பக்கம் அல்ல, ஒரே தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: "ஹார்லிஸ் ஐசனின் இடது கை மோதிர விரல் சில வருடங்களாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வேகமான பாட்டுகள் பரவாயில்லை ரகம். ஒன்பது தட்டிலும் பதினோராவது பாட்டு ஒரே பாட்டுதான், பேரை மட்டும் மாற்றியிருக்கிறார். இரண்டாம் சரணத்தில் வரி மறந்துபோய் அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை ஒன்பது முறை கேட்டேன், ஒன்பது முறையும் அழுதேன். எல்லாவற்றையும் நேற்றுதான் கேட்டேன். மன்னிக்கவும்."

வெள்ளிக்கிழமை மதியம் நெவலீ அந்தத் தாளை வாளியில் வைத்து மேலே அனுப்பினாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கயிறு தொய்ந்தது. கிணற்றுக் கயிறு முற்றத்தில் சுருண்டது, கொடிக்கயிறு சுருண்டது, அதன் மேல் ஹார்லிஸ் இறங்கி நின்றார். முந்தின நாள் மழையில் முற்றம் சேறாக இருந்தது. அவர் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று ஓர்லீன் வீட்டைப் பார்த்து நடந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே போனோம். ஓர்லீன் கதவைத் திறந்தாள். அவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"பதினோராவது பாட்டு வரைக்கும் கேட்டியா?"

"கேட்டேன் ஹார்லிஸ்."

"எழுபத்தொண்ணுல தட்டுக்கு ஒரு பாட்டு கொறைஞ்சுது. இந்தப் பாழாப்போன விரல் வேற. முந்தி பாடிவச்ச ஒண்ணை அப்படியே போட்டேன். சிரிச்சதைக்கூட வெட்டல. யாராவது கேப்பாங்க, 'என்னய்யா இது'ன்னு வைவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் வையல. அடுத்த வருஷமும் அதையே போட்டேன். ஒம்பது வருஷம் ஓர்லீன். மேல இருந்து பாத்தா எல்லார் வீட்டுக் கூரையும் தெரியுது. ஒரு வீட்டுலகூட எம் பாட்டு சத்தம் கேக்கல."

ஓர்லீன் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், அது கிரீச்சிட்டது. தரை முழுக்கச் சேறு. பின்னாலேயே வந்த நெவலீ அந்தத் தடங்களைப் பார்த்து, துடைக்கிறேன் பேர்வழி என்று குனிந்து, துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பெட்டி வெளியானது. கம்பெனியின் முழுப்பக்க விளம்பரத்தைப் படித்தும் ஹார்லிஸ் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை. சந்தாதாரர்களில் இருநூற்றுப் பதினொரு பேர் ஓர்லீனைத் துரோகி என்று எழுதிவிட்டு விலகினார்கள். மற்றவர்கள் பதினோராவது பாட்டு நிஜமாகவே ஒன்றுதானா என்று பார்க்க முதன்முறையாகக் கண்ணாடித்தாளைக் கிழித்தார்கள். அந்த செப்டம்பரில் லெக்ஸிங்டன் வரை எந்தக் கடையிலும் ஊசி கிடைக்கவில்லை. அட்டையில் தெரிந்த டிரம்மைத் தட்டில் எந்தப் பாட்டிலும் யாரும் தொடவேயில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. டேட்டன் அண்ணன் தம்பி மட்டும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஐசன் வீட்டுக் கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் சருகு அடைத்துக்கொள்ளும். நெவலீ போன் செய்வாள். "ஏன்டி, கேக்காம ரெண்டு வரி எழுதேன். பதினோரு அடிக்கு மேல போகக் கூடாது, சொல்லிட்டேன்." ஓர்லீன் அந்த வருடத் தட்டின் அட்டையை மட்டும் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவாள். ஹார்லிஸ் அதைப் படித்துவிட்டு, துடைப்பத்தோடு மேலே போய், வாய்க்காலைச் சுத்தம் செய்வார். முடிந்தது என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். ஓர்லீன் தன் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்து, புது ஊசியைப் போட்டு, தட்டை முதலிலிருந்து கேட்க உட்காருவாள். பதினோராவது பாட்டு முடியும்போது அவர் தரையில் நிற்பார். ஐசன் வீட்டில் இன்றுவரை ஏணி வாங்கவில்லை.