தோணாக் கட்டடத்தின் பின்கதவு

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு தோணா ஓடுகிறது. ஓடுகிறது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மாரியில் வயல் வெள்ளம் ஏறி, முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு விடும்போதுதான் அந்த வாய்க்கால் உண்மையில் ஓடும். மற்ற மாதங்களில் ஆற்றுவாழைச் செடி மூடிக் கிடக்கும். கோழிக்கடைச் சிறகும் மீன் செதிலும் அடுக்களைத் தண்ணீரும் போய்ச் சேருமிடம் அதுதான். ஊர் பிறந்த நாளிலிருந்து தோணாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தது. அந்த முகத்தைத் திருப்பி வைக்கிறேன் என்று புறப்பட்டவன் இஹ்ஸான்.

அவன் கட்டடக் கலைஞன். மொறட்டுவையில் படித்து, கொழும்பில் பல வருஷம் வேலை பார்த்து, ஊரோடு வந்து சேர்ந்தவன். மனைவி நஸ்லியா பள்ளிக்கூட ஆசிரியை. இருந்தது மனைவி வீட்டில். அதில் ஒரு குறைவும் இல்லை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை எவ்வளவு பெரிய கொம்பனானாலும் கல்யாணத்தன்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போகிறவன்தான். முன்வீடு நஸ்லியாவுக்கு. அதன் பின்னால் தோணாவரை கிடந்த வளவு அவள் தங்கை பரீனாவுக்கு. ஆனால் இஹ்ஸானின் உம்மா கல்யாணம் பேசிய நாளில் பிடித்த பிடியில், காணி உறுதி முழுவதும் நஸ்லியாவின் பெயரில் எழுதப்பட்டது. பின்வளவு பரீனாவுக்கு என்பது வாய்ச்சொல் மட்டும். வாய்ச்சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் மதிப்பிருந்ததால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இஹ்ஸான் வரைந்த கட்டடம் அழகானது. அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கீழே தண்ணீரைப் பார்த்தபடி கடைகள், அவற்றுக்கு முன்னால் நிழலோடு ஒரு நடைபாதை, மீன் விற்பவர்களுக்குக் கழுவி விடத் தோதான மேடைகள். மேலே இரண்டு மாடிகளில் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் துஆ ஓதுகிற நெருக்கத்தில் வாழும் ஊருக்கு, மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவன் நம்பினான். நம்பிக்கை பொய்யுமில்லை.

முதல் வரைபடத்தில் ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் ஒரு பின்கதவு இருந்தது. அது ஒரு நீண்ட பின்விறாந்தையில் திறந்தது. விறாந்தையின் முடிவில் தனிப் படிக்கட்டு, இறங்கினால் பழைய வீடுகளின் வளவு. ஊர்ப்பிள்ளைக்குத்தான் இது தெரியும். ஆண்கள் வருவது முன்வாசலால், உட்காருவது ஹோலில். பெண்களின் போக்குவரத்தெல்லாம் பின்பக்கம். கறிவேப்பிலை கேட்பது, நோயாளியைப் பார்ப்பது, மனம் பொறுக்காதபோது நாலு வார்த்தை பேசி மூக்கைச் சிந்துவது எல்லாம் பின்கதவால்தான் நடக்கும்.

கட்டடத்தைக் கட்டுவிக்கும் அரசாங்கத் திட்ட அலுவலகத்தின் பொறியியலாளர் மசூர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இஹ்ஸான், இந்தப் பின்விறாந்தைய எடுத்தீங்கெண்டா மாடிக்கி ரெண்டு வீடு கூடும். வீடு கூடினாத்தான் கொழும்பில காசுக்கு ஒப்பம் வைப்பானுகள். விறாந்தைக்கி ஒருத்தனும் காசு தரமாட்டான்."

இஹ்ஸான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் விறாந்தையை அழித்துவிட்டுச் சுவரை இழுத்தான். கதவுக்குப் பதில் ஒரு சுவர், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கூட்டிய வீடுகளுக்கு நிலம் போதவில்லை. தோணாக் கரையோர வீடுகளின் பின்வளவுகளை எடுக்கும்படி கோடு நகர்ந்தது. அந்தக் கோடு, நஸ்லியாவின் உம்மா றாஹிலா பரீனாவுக்கென்று வைத்திருந்த பின்வளவை முழுசாக விழுங்கியது. வரைந்த கைக்கு அது தெரியும். பரீனாவுக்குச் சம்மாந்துறை றுமைஸோடு கல்யாணம் பேசி, வீடு கட்டக் கருங்கல் இறக்கிக் கிடந்ததும் தெரியும். வளவுக்குப் பதில் மாடியில் ஒரு புது வீடு கிடைக்கும், அதைப் பரீனாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். போட்ட கணக்கை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பயந்தான்.

அசர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். மண்டபம் நிறைந்தது. மோட்டார் சைக்கிள் எங்கே விடுவது, மாடியில் தண்ணீர்த் தாங்கி தாங்குமா, கடை யாருக்கு என்று கேள்விகள் வந்தன. இஹ்ஸான் நன்றாகப் பதில் சொன்னான். "நாங்க மேல ஏறப் பழகணும். காத்து இரிக்கி, வெளிச்சம் இரிக்கி, கீழ சந்தை இரிக்கி. வேற என்ன வேணும்?" என்று கேட்டபோது கைதட்டினார்கள். எல்லாரும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பின்மதிலில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஒட்டிய பசை காயுமுன் றாஹிலா அதை வாசித்துவிட்டாள். மருமகனோடு நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அன்று இஹ்ஸான் சாப்பிட உட்கார்ந்தபோது, அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்று மகளைப் பார்த்துப் பேசினாள். பேச்சு மகளுக்கு, செய்தி மருமகனுக்கு.

"நஸ்லியா, மருமகன்ட கேளுகா. பரீனாட வீட்டுக்கெண்டு பின்வளவில கல்லுப் பறிச்சிக் கிடக்கு. அந்தக் கல்ல என்ன செய்யிற எண்டு கேளு."

இஹ்ஸான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். "மாடியில வீடு தாறாங்க மாமி. புது வீடு. அத பரீனாக்குக் குடுப்பம்," என்றான் திரையைப் பார்த்து.

பதில் சம்மாந்துறையிலிருந்து வந்தது. றுமைஸின் உம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். "மாடி வீட்டுக்கு அடியில ஆர்ட மண்? கடைக்காரன்ட மண். நாளைக்கு அவன் கடைய இடிச்சா எங்கட மகன் ஆகாயத்திலயா இரிக்கிற? மண்ணில நிக்கிற வீடு இரிந்தாச் சொல்லுங்க, இல்லாட்டி விடுங்க." கேட்டவர்கள் சிரித்தார்கள். பரீனா சிரிக்கவில்லை. அறைக்குள் போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை. பேசி முடித்த கல்யாணம் வீட்டுக்காகக் குழம்பினால், அடுத்தது பேச வருகிறவன் அதையே முதலில் கேட்பான் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. நாலாம் நாள் நஸ்லியா இஹ்ஸானின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டப் பரீனாக்கு எழுதிக் குடுப்பம். நாங்க மாடிக்குப் போவம்."

இஹ்ஸானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன கதைக்கிறீங்க? இது ஒங்கட வீடு!"

"பின்வளவு அவள்ட. உறுதியில என்ட பேரு இரிந்தா அவள்ட இல்லாமப் போயிருமா? நீங்கதானே ஊருக்கெல்லாம் சொன்னீங்க, காத்து இரிக்கி, வெளிச்சம் இரிக்கி எண்டு."

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டான். மாடிக்குப் போக அவனுக்குக் கொஞ்சமும் மனமில்லை. அது ஏன் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் அவனைச் சுட்டது.

"படத்தக் கொண்டு வாங்க. எந்த வீட்ட எடுக்கிற எண்டு பாப்பம்."

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தான். நஸ்லியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் குனிந்தாள். விரல் முன்கதவால் நுழைந்து, ஹோலைக் கடந்து, ஒரு பக்கம் அறைகள், மறுபக்கம் அடுக்களை என்று போய் நின்றது.

"அடுக்களைக்கி அங்கால?"

"சுவர்."

"வெளிய போற கதவு?"

"முன்னுக்கு இரிக்கிதானே."

"ஹோலில ஆம்புளையள் இரிந்தா?"

அவள் விரல் அந்தச் சுவரிலேயே கிடந்தது.

"கூட்டத்தில இத ஒருத்தரும் கேக்கல்லையா?"

"இல்ல."

"பொம்புளையள் ஆரும் வந்தாங்களா?"

"கூப்பிடல்ல."

"அப்ப வந்ததெல்லாம் ஆம்புளையள். ஆருக்கும் சொந்தமா ஒரு வீடு இல்ல. பொண்டாட்டிமாருட வீட்டப் பத்தி நீங்களே கூடிக் கதைச்சி, நீங்களே சம்மதம் எண்டு எழுதிட்டு வந்திரிக்கீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு எழுந்து போனாள். இஹ்ஸானுக்கு அந்த மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது. கைதட்டிய அத்தனை பேரும் தன்னைப்போலப் பெட்டியோடு வந்தவர்கள். இத்தனை வருஷம் அந்த ஊரில் வாழ்ந்தும், பல்கலைக்கழகத்தில் படித்தும், இது தன் மண்டையில் உறைக்கவில்லையே என்று வெட்கத்தில் குறுகிப் போனான்.

மறுநாள் காலையில் மசூரிடம் போனான். இறுதி வரைபடத்தில் அவன் கையெழுத்து இன்னும் விழவில்லை. அதுதான் அவன் கையில் மிஞ்சியிருந்த ஒரே துரும்புச் சீட்டு.

"பின்விறாந்தையத் திரும்ப வைக்கணும், சேர்."

மசூர் கெட்டவரில்லை. கதிரையைக் காட்டி, பிளேன்டித் தேநீர் எடுப்பித்து, பொறுமையாகத்தான் கேட்டார். "வைக்கலாம். மாடிக்கி ரெண்டு வீடு போகும். வளவு குடுத்த எந்த நாலு குடும்பத்துக்கு வீடு இல்லெண்டு சொல்லுவம்? நீங்களே பேரச் சொல்லுங்க. மறுகா, திரும்ப ஒப்பத்துக்கு அனுப்பினா இந்த வருஷக் காசு கொழும்புக்கே கிறுகிப் போயிரும். சந்தையும் இல்ல, கட்டடமும் இல்ல. எடுத்த வளவு மட்டும் எடுத்ததுதான்."

இஹ்ஸான் பெயர் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர் அவனுக்குத் தெரியும், அது அவனுடையது. அதைச் சொன்னால் நஸ்லியா குடிக்கூலி வீட்டுக்குப் போக வேண்டும். சொந்த வீட்டைத் தங்கைக்குக் கொடுத்தவளை வாடகைக்கு அனுப்ப அவனுக்கு வாய் வரவில்லை. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரின் முகத்தைத் திருப்பியவன் என்ற பெயர் கைநழுவிப் போவதையும் அவனால் தாங்க முடியவில்லை. பிளேன்டி ஆறிப்போயிருந்தது. கையெழுத்துப் போட்டான்.

கல்யாணம் நடந்தது. முன்வீடு பரீனாவுக்கு எழுதப்பட்டது. கட்டடம் முடியும்வரை எல்லாரும் அதே வீட்டில் நெருங்கி இருந்தார்கள். கட்டடமும் எழுந்தது. தோணாவை வாரித் துப்புரவாக்கினார்கள். பின்னேரத்தில் குடும்பம் குடும்பமாக நடைபாதைக்கு வந்தார்கள், மீன் மேடைகளில் காரைதீவுக்காரர்களும் கல்முனைக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று விற்றார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள். எல்லாம் அவன் சொன்னபடியே நடந்தது, அதனால் அவனுக்கு யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவும் முடியவில்லை.

முதல் மாடியில் அவர்கள் குடியேறிய வெள்ளிக்கிழமை பின்னேரம், மசூர் நாலைந்து பேரோடு வீடு பார்க்க வந்தார். ஹோலில் உட்கார்ந்து காற்றைப் புகழ்ந்தார்கள். இஹ்ஸானைப் புகழ்ந்தார்கள். நஸ்லியா அப்போது அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியில் எண்ணெய் பொரியும் சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பிளேன்டியை இஹ்ஸானே போய் அடுக்களை வாசலில் வாங்கி வந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. போவார்கள் என்று நினைத்தான். மசூர் சந்தோஷமாக எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

"புது வீடு. பள்ளிக்கி ஏன் போற? பறக்கத்தா இரிக்கட்டும், இஞ்சயே ஜமாஅத்தாத் தொழுவம்."

பாயை விரித்தார்கள். ஹோல் நிறைந்தது. இஹ்ஸான் கடைசியில் நின்றான். அவனுக்குப் பின்னால் அடுக்களை. அவளுடைய தொழுகை உடுப்பு முன்னால், அறையில். நடுவில் ஆண்கள். சுஜூதில் நெற்றியை வைத்தபோது ஓதியது மறந்துபோயிற்று. தொழுது முடித்தும் அவர்கள் எழும்பவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த கட்டடத்தைப் பற்றிக் கதைத்தார்கள். எழும்புங்கள் என்று விருந்தாளியிடம் சொல்ல எங்கள் ஊரில் நாக்கு இல்லை.

இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு கேட்ட பிறகுதான் செருப்புகளைத் தேடினார்கள். கதவைச் சாத்திவிட்டு இஹ்ஸான் அடுக்களைக்கு ஓடினான். நஸ்லியா மீன் தண்ணீர் சொட்டிய தரையில், முக்காட்டை இழுத்துப் போர்த்தபடி, பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், கீழே, பரீனாவின் முன்வீட்டு வளவில் யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது.

"நஸ்லியா..."

"மஃரிப் கழா ஆயிட்டு. நேரம் தப்பிட்டு," என்றாள். பிறகு உள்ளங்கையால் சுவரைத் தொட்டாள்.

"இதில ஒரு கதவு இரிந்தா, பரீனாட்டப் போய்த் தொழுதிரிப்பன்."