கணப்புச் சூடு

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையிலிருந்து மலைமேலிருக்கும் செம்மேட்டுக்கு ஓடிவந்த லென்ஸ் பட்டறை அது. பீரங்கிக்குக் குறிபார்க்கும் லென்ஸ் அங்கே தயாரானது. தேய்ப்பவன் மலைக்காரன் மாதன். பார்த்துத் தேறியதா இல்லையா என்று சொல்பவர் குப்புசாமி. அவர் சொன்னால் சொன்னதுதான், எதிர்ப்பேச்சே கிடையாது.

அந்த லென்ஸ் சாதாரண உருண்டை வளைவு அல்ல. விளிம்புக்குப் போகப் போக வளைவு தளரும். அதற்கென்றே எதிர்வாட்டமாகச் செய்த அளவுக் கண்ணாடியை மேலே வைத்து, மஞ்சள் விளக்கொளியில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கறுப்புக் கோடுகள் நேராகத் தெரியும். மயிரிழையில் நூற்றிலொரு பங்கு பிசகினாலும் கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மார்கழிக் குளிர். காலையில் கணப்புச் சட்டி நெருப்பில் கைகாட்டிவிட்டு வந்த குப்புசாமி, லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். கோடுகள் வளைந்திருந்தன. இதோடு மூன்றாவது. முந்தைய இரண்டையும் அவர் திரும்பத் தேய்க்கச் சொல்லி, அவை உருப்படாமலே போயிருந்தன.

பட்டறையை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குக் கோபம் தலைக்கேறியது. யுத்த நேரத்தில் இவன் வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று மாதனைப் பட்டறைக் காவலுக்கிருந்த போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டார்.

"சாமி, நான் ஒண்ணும் பண்ணலீங்க! நீங்களாச்சும் சொல்லுங்க!" மாதன் குப்புசாமியைப் பார்த்துக் கும்பிட்டான்.

குப்புசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடு பொய் சொல்லுமா என்ன?

மதியம், ஒதுக்கி வைக்குமுன் லென்ஸை இன்னொரு தடவை பார்த்தார். கோடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. அடக் கடவுளே! ஓடிப்போய்க் கணப்பில் கையைக் காய்ச்சிக்கொண்டு வந்து அளவுக் கண்ணாடியைப் பிடித்து லென்ஸ்மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கோடுகள் கண்ணெதிரே வளைந்தன. கைச்சூட்டில் அளவுக் கண்ணாடிதான் உப்புகிறது! அப்படியென்றால் நல்லபடியாக இருந்த இரண்டு லென்ஸையும் கெடுத்தது அவர் வாய்தான். சொன்னால் துரை சும்மா விடமாட்டார். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாதவன் ஜெயிலுக்குப் போவான்.

துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். துரை போலீஸ்காரரைக் கூப்பிட்டார். அவனை விடு, இவனை உள்ளே வை என்றார்.

குப்புசாமியைக் கூட்டிவந்த போலீஸ்காரர், பட்டறைக்குப் பின்னால் மாதனை அடைத்திருந்த கொட்டகையைத் திறந்தார். மாதன் வெளியே வந்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. குப்புசாமி தனக்காகப் பேசி மீட்டிருக்கிறார் என்று நினைத்து, அவர் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஏனுங்க, கையி இப்பிடிச் சில்லுன்னு கெடக்குதே! வாங்க சாமி, கணப்புல கொஞ்சம் காட்டிட்டுப் போலாமுங்க."